புத்தருக்கு வந்த தாகம்

ஓடையில் பனிக்கட்டியை உடைக்கப் போன சுஸ்கித், அதை உடைக்காமல் தன் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு திரும்பினாள். ஜனவரிக் குளிரில் ஊர்க்குழாய்கள் எல்லாம் உறைந்துவிட்டன. தெருவில் தண்ணீர் வருவது தர்க்யாஸ் வீட்டு அடிபம்பில் மட்டும்தான். வைக்கோல், சாக்கு, பழைய கம்பளம் என்று பெண்டாட்டிக்குக்கூடப் போர்த்தாத அளவுக்கு அதற்குப் போர்த்தி வைத்திருந்தார் அவர். சுஸ்கித்தைத் தவிர தெருவே அங்கேதான் தண்ணீர் எடுத்தது. கோடையில் அவருடைய பாசன முறை நடக்கும்போது வாய்க்கால் மடையை உடைத்துத் தன் பார்லி வயலுக்குத் திருப்பியவள் அவள். சண்டையில், ஊர் கேட்கும்படி, "உங்க தண்ணி இல்லேன்னா செத்தா போயிடுவோம்?" என்றும் கத்தியிருந்தாள். கோடையில் கத்துவதற்கு அது நன்றாகத்தான் இருந்தது.

அவள் கணவன் முதுப் லாரி ஓட்டுபவன். மலைக் கணவாய் பனியில் மூடிவிட்டதால் அடுப்படியில் உட்கார்ந்து கம்பளி நூற்றுக்கொண்டிருந்தான். ஓடைக்குப் போகச் சொன்னால் அவனுக்கு இடுப்பு வலிக்கும். வம்பு பேசப் போகும்போது மட்டும் அந்த வலியைக் காணவே காணோம்.

சுஸ்கித்துக்கு டீ இல்லாததுகூடப் பெரிதில்லை. பூஜை அறையில் ஏழு பித்தளைக் கிண்ணங்கள் கவிழ்ந்து கிடந்தன. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவற்றைக் காலையில் துடைத்து, இடமிருந்து வலமாக நிரப்பி, சாயங்காலம் வலமிருந்து இடமாக எடுக்காத நாளில்லை. ஏழைக்கும் தண்ணீர் கொடுக்கக் கை வரும், அதனால்தான் தண்ணீரைப் படைக்கிறோம் என்பார்கள். அந்தத் தண்ணீருக்கும் இப்போது எதிர்வீட்டுக்காரனிடம் கையேந்த வேண்டியிருக்கிறது!

"நமக்குன்னு கேட்காதீங்க. புத்தருக்குன்னு கேளுங்க" என்று முதுப்பைத் தள்ளிவிட்டாள்.

தர்க்யாஸால் மறுக்க முடியவில்லை. பூஜைக்கு இல்லை என்றால் பாவம் யார் தலையில் விழும்? ஏழு கிண்ணத்துக்கு அளந்ததுபோல ஒரு சின்னச் செம்பில் கொடுத்தனுப்பினார். சாயங்காலம் கிண்ணங்களை எடுத்தபோது சுஸ்கித் வெகுநேரம் யோசித்தாள். படைத்த தண்ணீரைக் கால் படாத சுத்தமான இடத்தில்தான் ஊற்ற வேண்டும். வாசலெல்லாம் ஆட்டுப் புழுக்கை. அவளுக்குத் தெரிந்து அந்த வீட்டிலேயே சுத்தமான இடம் அவளுடைய டீ கெட்டில்தான்.

மறுநாள் பித்தளைக் கிண்ணங்களின் இடத்தில் டீ குடிக்கும் கோப்பைகள் வந்தன. அதன் பிறகு செப்புப் பாத்திரங்கள். அப்புறம் சூப் வைக்கும் பானைகள். முதுப் இரண்டு கேன்களோடு போய் நின்றபோது தர்க்யாஸ் பம்பின் பிடியை விடாமல் கேட்டார்: "ஏம்ப்பா, இந்தக் குளிர்ல உங்க வீட்டுப் புத்தருக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாகம்?"

"உங்க வீட்டுல வெண்ணெய் விளக்கா ஏத்துறீங்களே அண்ணே, அவருக்கு நெஞ்சு கரிச்சு எங்க வீட்டுக்கு வர்றாரு போல."

தர்க்யாஸ் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலையில வந்து கும்பிட்டுட்டுப் போறேன்" என்றார்.

காலையில் சுஸ்கித் நொண்டிக்கொண்டே வீட்டிலிருந்த தண்ணீரை எல்லாம் பூஜைப் பலகையில் ஏற்றினாள். ஆறு பெரிய பாத்திரங்கள் கிடைத்தன. ஏழாவதாக ஒன்றும் இல்லாமல், பிரஷர் குக்கரைத் துடைத்து வைத்தாள். பலகை முனகியது. தர்க்யாஸ் உள்ளே வந்து பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துவந்த கண் குக்கரில் வந்து நின்றது. ஆனாலும் சந்நிதி சந்நிதிதான். தொப்பியைக் கழற்றிவிட்டு மூன்று முறை தரையில் விழுந்து வணங்கினார். மூன்றாவது முறை முழங்கால் பிடித்துக்கொண்டது. எழ முடியவில்லை.

"ரெண்டு பாத்திரத்துக்கு நடுவுல ஒரு பார்லி மணி இடைவெளிதான் இருக்கணும்" என்றார், குப்புறப் படுத்தபடியே. "குக்கர் தள்ளி இருக்கு."

"கைப்பிடி இடிக்குது அண்ணே" என்றாள் சுஸ்கித்.

"விசில் போடலியா?"

சுஸ்கித் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. வெடித்துவந்த சிரிப்போடு அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். சுளுக்கிய காலும் பிடித்துக்கொண்ட முழங்காலும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து எப்படியோ நிமிர்ந்தன.

"தண்ணி வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"கேட்டா குடுப்பீங்கன்னு தெரியும். அதுக்குத்தான் கேட்கல" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "மடைய உடைச்சிருக்கக் கூடாது. உக்காருங்க, டீ போடறேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பூஜைக்கு வைத்ததைச் சாயங்காலம் வரை தொடக் கூடாது. வீட்டில் வேறு சொட்டுத் தண்ணீர் இல்லை. வந்தவருக்கு டீ கொடுக்காமல் அனுப்பினால் தெருவில் எப்படித் தலைகாட்டுவது? அவள் முகத்தையும் காலியான கெட்டிலையும் மாறிமாறிப் பார்த்த தர்க்யாஸுக்கும் விஷயம் புரிந்தது.

"எங்க வீட்டுல குடிச்சா எனக்கு ஒரு டீதான் செலவு. உங்க வீட்டுல குடிக்க நானே தண்ணி சுமக்கணும்" என்று முணுமுணுத்தபடி தொப்பியை எடுத்தார். கேனைத் தூக்க வந்த முதுப்பிடம், "உனக்குத்தான் இடுப்பு வலியாச்சே, போய் நூலச் சுத்து" என்றார்.

சுஸ்கித் டீயில் போடும் வெண்ணெயையும் உப்பையும் எடுத்து வைத்துவிட்டு ஜன்னலருகே வந்தாள். கண்ணாடியில் படிந்திருந்த பனியை விரலால் சுரண்டினாள். எதிரே இரண்டு கைகளிலும் கேன்களோடு, வழுக்கும் தெருவில் வாத்துபோல அடிமேல் அடி வைத்து வந்துகொண்டிருந்தார் தர்க்யாஸ். தளும்பிச் சிந்திய தண்ணீர் அவருக்குப் பின்னால் தரையில் உறைந்து, வெயிலில் மின்னிக்கொண்டே வந்தது.