ஈசான்ய லிங்கத்தில் திறக்கும் முடிவு

1

இந்தக் கதை பிறந்தது வயிற்றுப்பாட்டில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அச்சுப் புத்தகங்கள் வேங்கிக்கால் வீட்டில் கட்டிலுக்கு அடியில் விற்காமல் கட்டுக்கட்டாகப் படுத்திருக்கின்றன. அப்போதுதான் செங்கம் ரோட்டில் கதைச் செயலி நடத்தும் அயான் கூப்பிட்டார்.

“கிரிவலம் போறவங்க காதுல மாட்டிக் கேக்குற மாதிரி ஒரு கதை குடுங்க சார். மலையைச் சுத்தி எட்டு லிங்கம், எட்டு அத்தியாயம். அந்தந்த லிங்கத்துக்கு நடந்து போனாத்தான் திறக்கும்.”

“உக்காந்த எடத்துல கேக்க முடியாதா?”

“அப்புறம் பக்தி எங்க சார் இருக்கும்?”

2

தொடக்கம் ஒன்று: புருஷனோடு சண்டை போட்டுவிட்டு, கொட்டும் மழையில் வள்ளி... (வேண்டாம். மழை என்றதும் நடப்பவர்கள் வானத்தைப் பார்க்கிறார்களாம்.)

தொடக்கம் இரண்டு: வள்ளி வெறுங்காலோடு வீட்டை விட்டுக் கிளம்பினாள். (வெறுங்கால் அயானுடைய திருத்தம்.)

எமலிங்கத்தில் யாரும் சாகக் கூடாது என்றார். குபேர லிங்கத்தில் நகைக்கடை விளம்பரம். வள்ளி விம்மிக்கொண்டிருக்கும்போதே செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று ஒரு குரல் வரும்.

3

முடிவை நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.* வள்ளி வீடு திரும்புகிறாளா என்பது கடைசி லிங்கமான ஈசான்யத்தில் தெரியும். கேட்கத்தான் ஆளில்லை. குபேர லிங்கம் வந்ததும் கால் கடுத்து எல்லோரும் ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுகிறார்கள். கடைசிவரை கேட்டால்தான் எழுதியவனுக்குக் கூலி என்பது ஒப்பந்தம்.

“இந்தப் பௌர்ணமிக்கு ஒருத்தராவது கேக்கலன்னா முடிவையே தூக்கிடலாம் சார். முடியாத கதைதான் இப்ப ஜாஸ்தி ஓடுது” என்றார் அயான்.

* எந்த எழுத்தாளன்தான் இப்படிச் சொல்ல மாட்டான் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது.

4

பௌர்ணமி காலை. போனில் என் மனைவி சந்திரகலா. என் புத்தகம் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்காதவள்.

“குபேர லிங்கத்துல நிக்கிறேங்க. கால் வீங்கிடுச்சு, ஆட்டோ வந்துடுச்சு. உங்க கதையில அந்தப் பொண்ணு வூட்டுக்குத் திரும்பிப் போறாளா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க, ஏறிடறேன்.”

சொன்னால், முடிவுவரை வரக்கூடிய ஒரே ஆளும் போய்விடுவாள். சொல்லாவிட்டால் வீங்கிய காலோடு நடப்பாள். கூலி கிடக்கட்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அடுத்து என்ன ஆகிறது என்று அவள் என்னிடம் கேட்டது இதுதான் முதல் தடவை.

“சந்திரா, அவ வந்து...”

ஆட்டோக்காரர் ஹார்ன் அடிக்கிறார்.

5

இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. நீங்களே சொல்லுங்கள்: முடிவைச் சொல்லிவிடவா, நடந்து வரச் சொல்லவா? கொஞ்சம் சீக்கிரம். ஒரு காலை ஆட்டோவில் வைத்துவிட்டாள்.