நான்காவது வாக்கியத்தில் நின்றவர்கள்

எங்கள் பேராசிரியர் நாம்குங் ஒரே ஒரு கொள்கையோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தினார். மேலானவரைப் பற்றிய வாக்கியத்தில் மரியாதை குறைந்தால் கொரியனின் மூளை அந்த இடத்திலேயே இடறி நிற்கும் என்பதுதான் அந்தக் கொள்கை. 'பேராசிரியர் வந்தார்' என்றால் கண் வழுக்கிக்கொண்டு போகுமாம். 'பேராசிரியர் வந்தான்' என்றால் அதற்கு மேல் போகாதாம். இதை வகுப்பில் சொன்னார், மாநாட்டில் சொன்னார், தேகு நகரத்து மாட்டுச்சூப்புக் கடைகள் அத்தனையிலும் சொன்னார். ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்த்ததில்லை. கேட்டால், சூரியன் கிழக்கே உதிப்பதை எவனாவது சோதிப்பானா என்பார்.

சோதிக்கிற வேலை கடைசியில் என் தலையில் விழுந்தது. என் பெயர் பாங் நாரே. வயது முப்பத்தேழு. முனைவர் பட்டப் படிப்பில் எட்டாவது வருடம். பிப்ரவரி முடிவில் பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். கங்நுங்கில் ஒரு கல்லூரி எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது, ஆனால் பிப்ரவரிக்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும். அவர் போய்விட்டால் என்னைத் துறையில் இன்னொருவரிடம் தள்ளிவிடுவார்கள். அந்த இன்னொருவருக்கு நாம்குங் என்ற பெயரைக் கேட்டாலே ஆகாது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கு என்பார். இன்னும் நான்கு வருடம்! சத்தியமாக என்னால் ஆகாது என்று தெரிந்துதான் இருந்தேன்.

சோதனை ரொம்ப எளிது. கணினித் திரையில் வாக்கியம் ஒவ்வொரு சொல்லாக வரும். படித்ததும் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடுத்த சொல். ஒவ்வொரு தட்டலுக்கும் எவ்வளவு நேரமானது என்று கணினி குறித்துக்கொள்ளும். சாதாரணமாக ஒரு சொல்லுக்கு அரை செகண்ட்கூட ஆகாது. ஆள் எங்கே இடறினாலும் அங்கே நேரம் கூடும்.

நான் வாக்கியங்களைக் கலைத்துப் போட்டுத்தான் வைத்திருந்தேன். உலகம் பூராவும் அப்படித்தான் செய்வார்கள். பட்டியலைப் பார்த்ததும் பேராசிரியர் முகம் சுருங்கிப் போயிற்று. காவலாளியைப் பற்றிய வாக்கியம் முதலில் வந்து, பேராசிரியரைப் பற்றிய வாக்கியம் அதற்குப் பின்னால் வருவது என்ன முறை என்று கேட்டார். கலைத்துப் போட்டால்தான் சோதனை சுத்தமாக இருக்கும் என்று மென்று முழுங்கிச் சொன்னேன். அவர் காதில் வாங்கவே இல்லை. பேனாவை எடுத்து, பேராசிரியர் வாக்கியங்கள் முதலில், அப்புறம் ஆசிரியர், அப்புறம் அலுவலர், காவலாளி, மாணவன், கடைசியில் பூனை என்று வரிசைப்படுத்திக் கொடுத்தார். வந்தவர்கள் எல்லோரும் அதே வரிசையில்தான் படித்தார்கள். மரியாதை இல்லாத வாக்கியம் நான்காவது: 'பேராசிரியர் ஜன்னலோரம் உட்கார்ந்து சோறு தின்றான்.'

முதல் நாற்பது பேரை நூலகத்துக்குக் கீழே, பழைய பத்திரிகைகள் அடுக்கிய ஓர் அறையில் உட்கார வைத்தோம். உடன் இருந்து பார்த்துக்கொண்டவள் ஹான்பியோல், என்னைவிட ஆறு வருடம் இளைய ஆய்வு மாணவி. முடிவை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். ஒருவரும் எங்கும் நிற்கவில்லை. பேராசிரியர் சோறு தின்றான், சரி, தின்றுவிட்டுப் போகட்டும் என்று நாற்பது பேரும் தட்டிக்கொண்டே போயிருந்தார்கள். யோசித்தால் இதில் அதிசயம் என்ன இருக்கிறது? செய்தித்தாளில் ஜனாதிபதியையே மரியாதை இல்லாமல்தான் எழுதுகிறார்கள். அதைக் காலையில் காப்பியோடு சேர்த்து ஊரே படிக்கிறது.

பேராசிரியர் தாளை இரண்டு தரம் புரட்டினார். "இந்த நாப்பது பேரும் எந்த ஊரு?" என்றார். பாதிப் பேர் இந்த ஊர்தான் என்றேன். "அப்ப அறைதான் சரியில்ல. கீழ்த்தளத்துல உக்காந்தா மனுஷனுக்கு மரியாத எங்கேருந்து வரும்?" என்று சொல்லிவிட்டு, கணினியை மூன்றாம் மாடிக்கு, தன் அறைக்கு அடுத்த அறைக்குக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடிக் கதவு போட்ட அறை. நானும் ஹான்பியோலும் மின்தூக்கி வேலை செய்யாத அன்றைக்குப் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஏறினோம்.

மேலே முப்பது பேர் படித்தார்கள். அடேயப்பா, என்ன ஒரு முடிவு! நான்காவது வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் கிட்டத்தட்ட எல்லோரும் இரண்டரை செகண்ட் நின்றிருந்தார்கள். வரைபடத்தில் மற்ற இடமெல்லாம் தரையாகக் கிடக்க, அந்த ஓர் இடம் மட்டும் கம்பம் நட்டது போல நின்றது. பேராசிரியர் வரைபடத்தைச் சட்டம் போட்டு மாட்டவில்லை, அவ்வளவுதான். ஓய்வு பெறும்போது அவர் பெயரில் வெளியிடுகிற மலரில் இதுதான் முதல் கட்டுரை என்றார். துறை முழுவதையும் பன்றிக்கறி சுடுகிற கடைக்கு அழைத்துப் போனார். பெரியவர் முன்னால் குடிக்கிற முறைப்படி நாங்கள் வரிசையாக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அவர் ஊற்றிய சோஜுச் சாராயத்தைக் குடித்தோம்.

முப்பதில் ஒருவன் மட்டும் நிற்கவில்லை. அரை செகண்டில் தாண்டிப் போயிருந்தான். அவனுக்கு வளர்ப்பு சரியில்லை என்று பேராசிரியர் முடிவு கட்டிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவன் யாரென்று ஹான்பியோலிடம் விசாரித்தேன். கைப்பந்து ஆட்டக்காரன், காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான் என்றாள்.

"மாவுக்கட்டுக்கும் படிக்கிறதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"படிக்கிறதுக்கு இல்லக்கா. அவனால எந்திரிக்க முடியல. தலைய மட்டும் ஆட்டினான்."

"எதுக்கு எந்திரிக்கணும்?"

"சார் வந்தாரே."

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பட்டியல் பேராசிரியர் மேசையில் இருந்தது. ஆள் உட்கார்ந்ததும் தட்டல் சத்தத்தைப் பட்டியலோடு சேர்த்து எண்ணிக்கொண்டிருந்து, நான்காவது வாக்கியத்தின் கடைசிச் சொல் வரும் சமயம், எப்படி இடறுகிறான் என்று கண்ணால் பார்க்கும் ஆசையில், அவர் தன் அறையிலிருந்து வந்து கண்ணாடிக் கதவைத் திறந்து நிற்பார். படிக்கிறவன் பதறி எழுந்து, இடுப்பு வரை குனிந்து வணங்கி, உட்கார்ந்து, ஸ்பேஸ் பாரைத் தட்டுவான். அவர் முகம் மலர்ந்து திரும்பிப் போவார். வணங்க ஆகிற நேரத்தைத்தான் கணினி கடமையாகக் குறித்து வைத்திருந்தது.

முப்பது தடவை இது கண் முன்னால் நடந்திருக்கிறது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று ஹான்பியோலைப் பிடித்து உலுக்கினேன். அவள் நிஜமாகவே விழித்தாள். "இதுல சொல்ல என்னக்கா இருக்கு? நானுந்தான் எந்திரிச்சேன்" என்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அவளை என்ன குறை சொல்வது? அந்த அறையில் நான் இருந்திருந்தாலும் எழுந்துதான் இருப்பேன், எழுந்ததாகவே எனக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

பேராசிரியரிடம் மூன்று முறை சொல்லப் போனேன். முதல் முறை அவர் ஆரஞ்சு உரித்துப் பாதியை என் கையில் கொடுத்தார். இரண்டாம் முறை மலரின் அட்டைக்குத் தங்க எழுத்தா வெள்ளி எழுத்தா என்று என்னிடம் கேட்டார். மூன்றாம் முறை கதவு வரை போய்த் திரும்பினேன். பயம்தான், வேறென்ன. ஆனால் பொய்யை எழுதிக்கொண்டு கங்நுங்கில் போய் மாணவர்களுக்கு ஆய்வுமுறை சொல்லிக்கொடுப்பதை நினைத்தாலும் உடம்பு கூசியது. கடைசியில் நடந்ததை நடந்தபடி ஆய்வேட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதினேன். கீழ்த்தளத்தில் யாரும் நிற்கவில்லை, மேலே நின்றவர்கள் வணங்குவதற்காக நின்றார்கள், ஆகவே மரியாதை குறைந்தால் வாசகர் இடறுவார் என்பதற்கு இந்தச் சோதனையில் ஆதாரம் இல்லை. அவ்வளவுதான் எழுதினேன். எங்கள் துறைப் பேராசிரியர்கள் நன்றியுரையைத் தாண்டி எதையும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியமும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

டிசம்பரில் இறுதித் தேர்வு. ஐந்து தேர்வாளர்கள். முதல் நாற்காலியில் நாம்குங். அவருக்கு அடுத்து மூன்று பேர், மூவருமே ஒரு காலத்தில் அவரிடம் படித்தவர்கள். கடைசி நாற்காலியில் பூசானிலிருந்து வந்த க்வாக் அம்மையார், ஐவரில் இளையவர். மேசையில் ஒப்புதல் தாள் ஒன்று. அதில் மேலிருந்து கீழாக ஐந்து கட்டம், வயது வரிசை. கையெழுத்துக்குப் பதில் அவரவர் பெயர் முத்திரை; மூத்தவர் வைத்த பிறகுதான் அடுத்தவர் வைப்பார். இது எந்த விதியிலும் எழுதப்படவில்லை, எழுத வேண்டிய தேவையும் யாருக்கும் வந்ததில்லை.

நடுவில் இருந்த மூவரும் ஆய்வேட்டின் தடிமனைப் பாராட்டினார்கள். அப்புறம் க்வாக் அம்மையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தார்.

"இங்க எழுதியிருக்கிறத நீங்களே ஒரு தடவ சொல்லிடுங்க. எல்லாரும் கேட்டுக்கட்டும்" என்றார்.

சொன்னேன். எத்தனை பணிவு ஒரு வாயில் அடங்குமோ அத்தனை பணிவோடும் சொன்னேன். பெருமைக்குரிய எங்கள் ஆசான் அவர்கள் அன்பு கூர்ந்து வாசல் வரை எழுந்தருளியதால் வாசகர்கள் வணங்கும் பேறு பெற்றார்கள் என்றுதான் தொடங்கினேன். நடுவிலிருந்த மூவரும் ரொம்ப நன்றாகச் சொன்னாய் என்பது போலத் தலையாட்டினார்கள். நான் என்ன சொன்னேன் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. உறைத்த பிறகோ ஒருவர் அவசரமாகப் பூசி மெழுகினார். எழுந்து வணங்கியதே மரியாதைக்கு நிரூபணம்தானே, இதைவிடப் பெரிய ஆதாரம் ஏது என்றார். மற்ற இருவரும் ஆமாம் சாமி போட்டார்கள்.

நாம்குங் மட்டும் தலையாட்டவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. எட்டு வருடத்தில் முதல் முறையாக அவர் முகத்தில் நிஜமான கேள்வி ஒன்றைப் பார்த்தேன்.

"அப்ப நான் வாசல்ல நிக்கலேன்னா?"

"சும்மா படிச்சிட்டுப் போயிடறாங்க சார்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். இன்னும் இரண்டு மாதத்தில் அவர் எந்த வாசலிலும் நிற்கப் போவதில்லை. எனக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது. அந்த இரக்கம் அரை நிமிடம்கூட நீடிக்க அவர் விடவில்லை. திரும்பி, முத்திரையைக் கையில் எடுத்து, கட்டத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, சாந்தமாகச் சொன்னார்.

"அந்த நாப்பது பேரத் தூக்கிடு நாரே. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தையும் தூக்கிடு. இப்பவே வெச்சுத் தர்றேன்."

கங்நுங் கண்ணில் ஓடியது. எட்டு வருடமும் ஓடியது. சரி சார் என்று இரண்டு சொல் சொன்னால் போதும், வாழ்நாள் முழுக்க அதைத்தானே சொல்லிப் பழகியிருக்கிறேன். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"அவங்க இருக்கட்டும் சார். வந்து படிச்சவங்கதானே."

பேராசிரியர் முத்திரையை மெதுவாகப் பெட்டியில் வைத்து மூடினார். நடுவிலிருந்த மூவரும் தங்கள் முத்திரைகளைப் பையில் போட்டுக்கொண்டார்கள். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது க்வாக் அம்மையார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சார், மன்னிச்சுக்கோங்க. எனக்கு ரயிலுக்கு நேரமாயிடுச்சு. என்னோடத மட்டும் வெச்சிட்டுக் கிளம்பிடறேன்" என்று சொல்லி, தாளைத் தன் பக்கம் இழுத்தார். சிவப்பு மையில் முத்திரையை ஒற்றி, ஐந்தாவது கட்டத்தில் அழுத்தி எடுத்தார். தாளை நடு மேசைக்குத் தள்ளிவிட்டு, எல்லோருக்கும் குனிந்து வணங்கி, மேலங்கியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தேகுவிலிருந்து பூசானுக்கு இருபது நிமிடத்துக்கு ஒரு ரயில் இருக்கிறது. அந்த அறையில் அது தெரியாதவர் யாரும் இல்லை.

மேசையில் தாள் கிடந்தது. மேலே நான்கு கட்டம் வெறுமையாக, அடியில் ஐவரில் இளையவருடைய முத்திரை ஈரம் காயாமல் சிவந்து கிடந்தது. எண்ணிட்ட ஒற்றைத் தாள் அது. கிழித்துப் போட முடியாது. பட்டம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அலுவலகத்தில் கோப்பில் சேர்த்து வைப்பார்கள். நடுவிலிருந்த மூவரும் அதைப் பார்க்கவும் முடியாமல், பார்வையை எடுக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இருமினார்.

நாம்குங் அதையே பார்த்தார். ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தார். கை தானாக நீண்டு பெட்டியைத் திறந்தது. முதல் கட்டத்தில், கோடு தவறாமல், சரியாக நடுவில் முத்திரையை வைத்தார். அப்புறம் அடுத்தவர், அடுத்தவர், அடுத்தவர், வயதுப்படி.

நாற்பது பேரைப் பற்றி யாரும் பேசவில்லை. பேராசிரியர் மையைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டே, எரிச்சலோடு, எனக்கென்று இல்லாமல் பொதுவாகச் சொன்னார்.

"மேல காலியா விட்டா பாக்க நல்லாவா இருக்கும்?"

நான் எழுந்து வணங்கினேன். முனைவரானேன்.