பின்வளவுக் கொட்டில்

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, சாய்ந்தமருது. காலை பத்தரை மணிக்கு மக்கீனை மெத்தையோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பின்வளவுக் கொட்டிலின் வாசல் ஒடுக்கமானது. மெத்தையைச் சரித்தால்தான் வெளியே வரும். சரித்தால் அவர் உருண்டுவிடுவார்.

"மடிச்சுப் பிடிங்க," என்றான் மருமகன் ஸிராஜ். "மாமா, ஒரு நிமிசம். பயப்படாதீங்க."

மக்கீன் வலது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க கொண்டு போறீங்க?"

"உள்ளுக்குத்தான் வாப்பா. பேன் இரிக்கி, காத்து வரும்," என்றாள் மகள் ஸம்ஸியா.

"இஞ்சயும் காத்து வருகுதுதானே."

வரவில்லை. தகரக் கூரை அந்நேரமே கொதிக்கத் தொடங்கியிருந்தது. ஸம்ஸியா அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அவளுடைய உம்மா தண்ணீர்க் கோப்பையும் கரண்டியுமாகக் கொட்டிலுக்குள்ளேயே நின்றார்.

சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் ஆறு மாதத்துக்கென்று அடித்துக் கொடுத்த கொட்டில் அது. இடிந்த வீடு திரும்ப எழும்பியபோது மக்கீனும் மனைவியும் அதற்குள் போகவில்லை. அது ஸம்ஸியாவுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த வீடு. "மருமகனோட ஒரு கக்கூசுக்கு வரிசையில நிக்க என்னால ஏலா," என்று கேட்டவர்களிடம் மக்கீன் சொல்லுவார். அதைச் சொல்லிச் சிரித்தபடியே பதினெட்டு வருடம் இருந்துவிட்டார். உம்மா சிரித்ததில்லை. "இது கொட்டில் இல்லகா, பாண் சுடுற போறணை," என்பார்.

இப்போது ஸம்ஸியாவின் மகள் மேனுஜாவுக்கும் சீதனமாகக் கொடுக்க வீடு வேண்டும். எட்டுப் பேர்ச் அளவான சின்ன வளவில் கொட்டில் நிற்கும் இடத்தைத் தவிர வேறு இடமில்லை. பேசி வைத்த மாப்பிள்ளை பர்ஸான் ஜனவரியில் கட்டாரிலிருந்து வருகிறான். மாரிக்கு முதல் அத்திவாரம் விழாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று அவனுடைய தாய் இரண்டு தடவை சொல்லிவிட்டார். முன்வீட்டு அறைக்கு மாற மக்கீனும் கடைசியில் ஒப்புக்கொண்டிருந்தார். சனிக்கிழமை கொட்டிலைக் கழற்ற மேசன் ஆட்களோடு வருவதாக இருந்தது. அதற்கிடையில் மக்கீன் நோயில் விழுந்தார். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

புதன்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு நோய் பார்க்க வந்த பக்கத்து வீட்டு றிபா, போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அல்லாஹ் லேசாக்கட்டும். எண்டாலும் ஸம்ஸியா, ஒண்டு நடந்தா உம்மா எங்க இத்தா இருப்பா? இந்தத் தகரத்துக்குள்ளயா?"

ஸம்ஸியா அதுவரை அதை நினைத்திருக்கவில்லை. இத்தா என்றால், புருஷனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. வாப்பா கொட்டிலில் மௌத்தானால் உம்மா கொட்டிலில் இருப்பார். டிசம்பர் கடைசிவரை கொட்டில் நிற்கும். அதற்குள் மாரி வந்துவிடும், அத்திவாரம் விழாது.

மறுநாள் காலையில் வாப்பாவை உள்ளே மாற்றச் சொன்னபோது அவள் ஸிராஜிடம் பேனைப் பற்றி மட்டும்தான் சொன்னாள்.

மக்கீன் முன்வீட்டு ஹோலில் மூன்று மணித்தியாலம் கிடந்தார். பேன் சுற்றியது. லுஹர் பாங்குக்குப் பிறகு மூச்சு இடைவெளி விட்டு வந்தது. ஸிராஜ் காதருகே கலிமாவைச் சொன்னான். ஒன்று நாற்பதுக்கு உம்மா கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட்டு, "இன்னா லில்லாஹி," என்றார்.

அஸருக்குப் பள்ளியில் தொழுகை. ஐந்தரைக்கு அடக்கம் முடிந்தது. ஆண்கள் மையவாடியிலிருந்து திரும்பியபோது ஸம்ஸியா உள்ளறையைக் கூட்டி, ஜன்னலுக்குத் திரை கட்டி, கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தாள். அழ நேரம் கிடைக்கவில்லை. வெள்ளை உடுத்திய உம்மா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்கதவால் இறங்கினார்.

"உம்மா, அறை ஆயத்தம்."

"என்னத்துக்கு?"

"இத்தாக்கு. வாப்பா இஞ்சதானே மௌத்தாகின."

"இஞ்ச மூணு மணித்தியாலம் கிடந்தார். அவடத்த பதினெட்டு வருஷம் இருந்தார்."

"நீங்கதானே எப்பயும் போறணை போறணை எண்டு சொல்லுற."

"ஓம். போறணைதான்."

ஸிராஜ் பள்ளி மௌலவிக்குப் போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி அதைப் பிடித்தான்.

"மௌத்தான இடம் முக்கியமில்ல தம்பி," என்றார் மௌலவி. "ரெண்டு பேரும் குடியிருந்த இடந்தான் கணக்கு. தக்க காரணம் இருந்தா மாறலாம். உம்மாட்டயும் கேட்டுப் பாருங்க."

ஸிராஜ் போனை வைத்தான். உம்மா படியில் நின்றபடி மகளைப் பார்த்தார்.

"காரணம் இரிக்கா?"

"சூடு உம்மா. உங்களுக்குத் தாங்கா."

"இவ்வளவு காலமும் தாங்கிச்சி."

"சனிக்கிழம ஆக்கள் வாறாங்க. மேனுஜாட விசயம் உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும் மகள்." உம்மா பாயை மற்றக் கக்கத்துக்கு மாற்றினார். "காலையில வாப்பாவ ஏன் தூக்கின எண்டு ஆரும் உன்னக் கேக்கல்ல. நானும் கேக்கல்ல. இப்ப நீயும் என்னக் கேக்காத."

ஸிராஜ் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. உம்மா வளவைக் கடந்து போய்க் கொட்டிலின் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரம் கழித்து ஸம்ஸியா புதுக் கட்டிலிலிருந்து தலையணையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். வாசலடியில் ஸிராஜ் மேசனோடு கதைப்பது கேட்டது.

"சனிக்கிழம வேணாம் மேசன். ஓம், மௌத்து வீடு. இல்ல, அடுத்த கிழமையும் இல்ல."

இத்தா டிசம்பர் 24ஆம் திகதி முடிந்தது. ஜனவரியில் பர்ஸானுக்கு நிந்தவூரில் வேறு பெண்ணோடு கலியாணம் நடந்தது. கொட்டிலைப் பெப்ரவரி 3ஆம் திகதி கழற்றினார்கள். மூன்று பேர், ஒன்றரை மணித்தியாலம். நிலத்துக்கு விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பைத் தூக்கியபோது அடியில் மணல் காய்ந்து வெள்ளையாக இருந்தது. பின்னேரம் மழை பெய்தது. இருட்டுவதற்குள் வளவு முழுவதும் ஒரே நிறமாகிவிட்டது.