கவர் பிரிக்காத மெத்தை

கட்டில் வாங்கப் போகிறவர்கள் பணத்தைத்தான் பத்திரமாக எடுத்துப் போவார்கள். நாகஜோதி ஒரு துண்டு வாழைநாரையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். பூ கட்டுகிற நார்தான், நடுவில் ஒரு முடிச்சு. கணவர் பாண்டியராஜின் குதிகாலிலிருந்து முழங்கால் வரைக்கும் வைத்து அளந்து போட்ட முடிச்சு அது. கட்டில் அந்த முடிச்சுக்கு மேலே இருக்க வேண்டும், கீழே இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகைப் பையோடு மொபெட்டில் கிளம்பியவர், ஈரத்தில் சறுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். விழுந்ததும் பூ சிந்திவிட்டதா என்றுதான் முதலில் பார்த்தாராம். இடுப்பு ஞாபகம் அப்புறம்தான் வந்திருக்கிறது. அவர் அப்படிப்பட்ட ஆள். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் செயற்கை மூட்டு வைத்து அனுப்பும்போது, தரையில் உட்காரக் கூடாது, பாயில் படுக்கக் கூடாது என்றார்கள். 'காயம் ஆறும் வரைக்கும்' என்பதை நாகஜோதி தானாகவே மனசுக்குள் சேர்த்துக்கொண்டாள். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை.

கட்டில் என்றாலே அவளுக்குப் பயம். எரியோட்டில் அவள் பிறந்த வீட்டில் ஒரு கயிற்றுக் கட்டில் இருந்தது. நல்லபடியாக நடமாடுகிற யாரும் அதில் படுத்ததில்லை. சின்னத் தாத்தா படுத்த படுக்கையானபோது பரணிலிருந்து இறக்கினார்கள், பிறகு அப்பாவுக்கு இறக்கினார்கள். இரண்டு பேருமே அதிலிருந்து தங்கள் காலால் இறங்கவில்லை. அதனால்தான் கல்யாணத்தின்போது பீரோ வரட்டும், பாத்திரம் வரட்டும், சீரில் கட்டில் மட்டும் வேண்டாம் என்று அழுது ஆர்ப்பாட்டம் செய்து நிறுத்தினாள். 'கட்டில் வேணாம்னு அழுத பொண்ணை ஒலகத்துலயே நான்தான் கட்டியிருக்கேன்' என்று பாண்டியராஜ் இன்றைக்கும் கேலி பண்ணுவார். கேலி பண்ணிக்கொண்டே அன்றிலிருந்து அவளோடு பாயில்தான் படுத்தார்.

திண்டுக்கல் கடைக்கு மகள் ஜீவிதா கூட்டிப் போனாள். விற்பனையைக் கவனித்த பெண்ணின் சட்டையில் மஹ்ஜபீன் என்று பெயர் குத்தியிருந்தது. தேக்கு, வேம்பு, இரும்பு என்று வரிசையாகக் காட்டினாள். நாகஜோதி வேலைப்பாட்டைப் பார்க்கவில்லை, மரத்தைத் தட்டிப் பார்க்கவில்லை. நாரை எடுத்து ஒவ்வொரு கட்டிலின் காலோடும் பிடித்துப் பார்த்தாள்.

"மெத்தையோட சேத்து அளக்கணும்மா" என்றாள் மஹ்ஜபீன். "உக்காந்தா அமுங்கும்ல, அதையும் கணக்குல வைக்கணும். ஆபரேஷன் ஆனவருக்கு ரொம்ப மெத்துமெத்துன்னு வேணாம், எந்திரிக்கத் திணறுவாரு. இதுல படுத்துப் பாருங்க."

"நாலு பேரு பாக்கப் படுக்கிறதா? நல்லாருக்கே கதை."

ஜீவிதாதான் படுத்துப் புரண்டு பார்த்தாள். கெட்டியான தேங்காய்நார் மெத்தை, மேலே கொஞ்சம் ரப்பர். முடிச்சுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிற மாதிரி ஒரு வேப்பங்கட்டிலும் அமைந்தது.

"வீட்டுக்குப் போனதும் இந்தப் பிளாஸ்டிக் கவரக் கழட்டிருங்க" என்றாள் மஹ்ஜபீன். "காத்துப் போகலன்னா புழுக்கம் தங்கி நாறும். அப்பப்போ தலைமாடு கால்மாடு மாத்திப் போடுங்க. விரிப்பை அடிக்கடி தொவைங்க, அம்புட்டுதான்."

நாகஜோதி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "கவரப் பிரிக்காமலே வச்சிருந்தா, பின்னால திருப்பி எடுத்துக்குவீங்களாம்மா?"

மஹ்ஜபீன் சிரித்துவிட்டாள். "பிரிக்காம, கறை படாம இருந்தா முதலாளிகிட்டக் கேட்டுப் பாக்கலாம். பிரிச்சுட்டா மெத்தைய யாரும் தொட மாட்டாங்க."

அம்மாவின் சிக்கனம் தெரிந்ததுதானே என்று ஜீவிதா தலையில் அடித்துக்கொண்டாள். நாகஜோதிக்கு அது சிக்கனம் இல்லை. அவர் நன்றாக நடந்துவிட வேண்டும், மெத்தையும் கட்டிலும் வந்த வழியே போய்விட வேண்டும், மறுபடி பாயில் அவர் பக்கத்தில் படுக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அதை மகளிடம் எப்படிச் சொல்வது?

ஆக, கவர் கழற்றப்படவில்லை. அதன் மேலேயே பூப்போட்ட விரிப்பை விரித்தாள். பாண்டியராஜ் அசைந்தால் மொறுமொறு என்றது, புரண்டால் சரசர என்றது. விரிப்பு ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. முதுகு வேர்த்து நனைந்தது.

"ஏ ஜோதி, மிக்சர் பாக்கெட்டுக்குள்ள படுத்த மாதிரி இருக்குடி. இதக் கழட்டித் தொலையேன்."

"புதுசு கெட்டுப்போகும். செத்த நேரம் விசிறுறேன், படுங்க."

கீழே, கட்டிலை ஒட்டி அவள் பாய். முதல் நாள் பழக்கதோஷத்தில் அவர் கையைத் தொங்கவிட்டுத் துழாவினார். கை அவளை எட்டவில்லை. அவளும் மேலே நீட்டினாள், அவள் விரலுக்கு மரச்சட்டம்தான் அகப்பட்டது. ஆனால் அந்தச் சரசரப்பு அவளுக்குத் துணையாகிவிட்டது. சத்தம் கேட்டால் மனுஷன் புரள்கிறார், நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். கொஞ்ச நேரம் கேட்காவிட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். அப்பா படுத்திருந்த கட்டில் ஞாபகம் வந்துவிடும்.

போகப் போக அவர் கவரைப் பற்றிக் குறைசொல்வதை நிறுத்திவிட்டார். பழகிப்போய்விட்டது போல என்று நாகஜோதி நினைத்துக்கொண்டாள். பகலெல்லாம் அவரைப் பிடித்துப் பிடித்து நடக்கவைத்தாள். வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. கைத்தடியோடு மல்லிகைத் தோட்டம் வரைக்கும் போய், பூப்பறிக்கிறவர்களை அதட்டிவிட்டு வந்தார். அவர் வைத்த ஒவ்வொரு அடியும் மெத்தையைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவதாகவே அவளுக்குப் பட்டது. விரிப்பை மாற்றும்போதெல்லாம் கவரில் கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்ப்பாள்.

மறுபரிசோதனைக்குப் போன அன்று டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "பிரமாதம். இனி கவலையே இல்ல" என்றார். பாண்டியராஜ் முகமெல்லாம் பல்லாக இருந்தார்.

நாகஜோதி எழுந்தே நின்றுவிட்டாள். "அப்ப எப்ப சார் பழையபடி கீழ படுக்கலாம்?"

"கீழயா? தரை வேணவே வேணாம்மா. குனிஞ்சு எந்திரிச்சா மூட்டு நழுவிரும். அவருக்கு இனிக் காலம் பூராக் கட்டில்தான்."

பாண்டியராஜ் "சரிங்க சார்" என்றார். நாகஜோதி எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் கடலை வாங்கி நீட்டினார், வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சோறு போட்டாள். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்க மறந்துவிட்டாள். அவரும் கேட்காமல் மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்.

மத்தியானத் தூக்கத்துக்கு அவர் கட்டிலில் சாய்ந்ததும் மெத்தை மொறுமொறுத்தது. அவள் கீழே பாயை விரித்தாள்.

"ஜோதி" என்றார் மேலேயிருந்து. "திருப்பி எடுத்துக்குவீங்களான்னு கடையில கேட்டியாமே. ஜீவிதா போன்ல சொல்லிச் சிரிச்சா."

அவள் பாயின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு வெளங்கல, எனக்கு வெளங்குச்சு. அதுக்கப்புறம்தான் கவரப் பத்தி நான் வாயே தொறக்கல. எனக்கும் ஆசைதான், எறங்கிருவேன்னு. இனிமே முடியாதுடி. மன்னிச்சுக்க."

அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் வேர்வையில் ஊறிக்கொண்டு, வாய் திறக்காமல், அவள் ஆசைக்காக அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் படுத்திருந்திருக்கிறார் இந்த மனுஷன். அவள் அழுதாள். மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். பிறகு விருட்டென்று எழுந்தாள்.

"எந்திரிங்க. அந்தச் சேர்ல உக்காருங்க."

அவர் கைத்தடியை ஊன்றி எழுந்து உயரமான நாற்காலிக்குப் போனார். நார் வெட்டுகிற பிளேடு ஜன்னலில் கிடந்தது. அதை எடுத்து, விரிப்பை உருவிப் போட்டுவிட்டு, கவரை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் கீறினாள். கிழித்தாள். கோபத்தோடு கிழித்தாள். யார் மேல் கோபம் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

"பாத்துடி, மெத்தை கிழிஞ்சிறப் போகுது. கடைக்காரன் எடுத்துக்க மாட்டான்."

"ஒரு மயிரும் எடுத்துக்க வேணாம் அவன்."

உள்ளே அடைபட்டிருந்த புழுக்க வாடை கிளம்பியது. மஹ்ஜபீன் சொன்னது சரிதான். தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பி, ஜன்னலைத் திறந்துவிட்டு, காற்றாடியை முழு வேகத்தில் வைத்தாள். கவர் போனதும் மெத்தை தன் சொந்த நிறத்தில் தெரிந்தது. இளநீலத்தில் சின்னச் சின்னப் புள்ளி. வாங்கியபோதுகூட அவள் அதைக் கவனிக்கவில்லை. வாடை போனதும் விரிப்பை இழுத்து நான்கு பக்கமும் செருகினாள். இந்த முறை அது வழுக்கவில்லை.

அவர் வந்து படுத்தார். ஒரு சத்தமும் இல்லை.

அந்த அமைதிதான் அவளை என்னவோ செய்தது. பாயில் படுத்து அவர் புரள்வதைக் கேட்க இனி வழியில்லை. அவர் இறங்க முடியாது. அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

"தள்ளிப் படுங்க" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தார். அவள் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தாள்.

"பயமா இருக்கா?"

"இருக்கு. எங்க வீட்டுல கட்டில்ல ஏறுனவுக எறங்குனதில்ல."

"நீ எறங்கித்தான் ஆகணும். சாயங்காலம் மல்லிகைக்கு யாரு தண்ணி பாய்ச்சுறது, உங்கப்பனா?"

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கால்மாட்டுப் பக்கமாக ஏறி, ஊர்ந்து ஊர்ந்து சுவரோரம் போய்ச் சேர்ந்தாள். சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிப் படுத்தாள். அவர் கை வந்து அவள் கையைத் துழாவியது. இந்த முறை எட்டியது.

எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. விழித்தபோது ஜன்னலில் வெயில் தாழ்ந்திருந்தது. அவர் அசையாமல் கிடந்தார். திடுக்கிட்டு அவர் நெஞ்சில் கையை வைத்தாள். ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இனி இப்படித்தான், கையை வைத்தே பார்க்கலாம்.

கால்மாட்டுக்கு நகர்ந்து முதலில் ஒரு காலை விட்டாள், பிறகு இன்னொன்றை. இரண்டு பாதமும் குளிர்ந்த தரையில் பதிந்தன. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"எறங்கிட்டேன்ங்க" என்றாள்.

கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்: "டீயக் கொண்டுவந்து வச்சுட்டு மறுபடி ஏறு. தண்ணி நாளைக்குப் பாய்ச்சிக்கலாம்."