நீலக் கயிற்றுக் காய்கள்

லாரி கிளம்புவதற்குள் மாலிவன் தன் பிக்கப் வண்டியைத் தோட்டக்காரர் சங்கக் கொட்டகை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டாள். சாவியை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு இறங்கியவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கொட்டகைத் தரை முழுக்க நீலக் கயிற்றுத் துண்டுகள் சிதறிக் கிடந்தன.

தாய்லாந்தின் சந்தபுரி பக்கத்து டுரியன் தோட்டங்களில் பூக்கும்போதே கயிறு கட்டிவிடுவார்கள். முதல் பூவில் பிடித்த காய்க்குச் சிவப்பு, அடுத்ததற்கு நீலம், கடைசிக்கு மஞ்சள். சிவப்பை வெட்டும் நேரம் இது. நீலம், ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் சொங்க்ரான் பண்டிகை முடியும்வரை மரத்தில் இருக்க வேண்டும். ஆனால் சீசன் தொடக்கத்தில் விலை உச்சத்தில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுச் சங்கத்தார் நீலத்தையும் சேர்த்து இறக்கியிருந்தார்கள். ஒவ்வொரு காயிலும் சங்கத்தின் இருவாச்சிப் பறவை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அந்தப் பறவையைப் பார்த்தால் பாங்காக் மொத்த வியாபாரி முற்றியதா என்று காயைத் தட்டிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொள்வான். சங்கத் தலைவியான மாலிவன் அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க எத்தனையோ வருஷம் அலைந்திருக்கிறாள்.

"வண்டிய எடுங்கக்கா. டிரைவர் காத்துட்டு இருக்கான்," என்றான் விச்சியன். அவள் சித்தப்பா மகன். அவனைத் துணைத் தலைவராகக் கொண்டுவந்ததே அவள்தான்.

"ஸ்டிக்கர எல்லாம் உரி. உரிச்சிட்டு எங்க வேணா கொண்டுபோய் வித்துக்கோ."

"அது இல்லாம இந்த விலை யாருக்கா குடுப்பா?"

"அதத்தான் நானும் சொல்றேன். அந்தப் பேர நம்பிக் குடுக்கிறவனுக்கு முத்தாம உள்ள வெள்ளையா இருக்கிற காயக் குடுக்கிறியே, அடுத்த வருஷம் அவன் மூஞ்சில எப்படி முழிப்ப?"

விச்சியன் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னே சொல்றீங்க. போன வருஷம் காத்துல என் மாமனார் தோட்டத்துல பாதி கீழ கிடந்துச்சே, வந்து ஒட்டவெச்சுக் குடுத்தீங்களா? உங்க வீட்டுக்காரரு வாத்தியாரு. மாசம் பொறந்தா சம்பளம். உங்களுக்குக் காத்திருக்கிறது பெருமை. எங்களுக்கு அப்படி இல்ல."

அதில் பாதி உண்மை. அவள் அதை மறுப்பதற்குள் யாரோ தலைவரை மாற்றிவிடலாம் என்றார்கள். கொட்டகையிலேயே கை தூக்கச் சொன்னார்கள். பெரியவர் தோங்தி தரையைப் பார்த்துக்கொண்டே கை தூக்கினார். அவர் தோட்டத்தில் வேர் அழுகல் வந்தபோது, வாரக்கணக்கில் கூட நின்று மரங்களைக் காப்பாற்றிக் கொடுத்தவள் மாலிவன். அவர் கையைப் பார்த்த பிறகு அவள் வேறு யார் முகத்தையும் பார்க்கவில்லை. பதவி போயிற்று. வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள். லாரி போனது.

சொங்க்ரானுக்கு முன்பே காற்று வந்தது. ஒரு மத்தியானம் மலைப்பக்கம் கறுத்து, சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்குள் அடித்து ஓய்ந்துவிட்டது. மாலிவன் தோட்டத்துக்குள் போனபோது அவள் விடாமல் காத்த நீலக் கயிற்றுக் காய்கள் சேற்றில் உருண்டு கிடந்தன. பாதியாவது முன்பே வெட்டியிருக்கலாமே என்று கணவர் மெல்லச் சொன்னார். அவரோடு அன்று முழுக்க அவள் பேசவில்லை.

மறுநாள் மோட்டார் சைக்கிளில் போன விச்சியன் வேலியோரம் நிறுத்தினான்.

"இப்ப எதுலக்கா ஸ்டிக்கர் ஒட்டுவீங்க?"

கையில் உறை இல்லை என்பதையும் மறந்து, காலடியில் கிடந்த காயைத் தூக்கி அவன்மேல் வீசினாள். அது பின்சக்கரத்தில் பட்டுத் தெறித்தது. அவன் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு ஓட்டிப் போனான். அவள் உள்ளங்கையெல்லாம் முள் குத்தி ரத்தம். அதைக் கழுவும்போதும், அவன் சொன்னது சரிதானோ என்ற எண்ணம் வந்து வந்து போயிற்று. காய் விழுந்ததைவிட அந்த எண்ணம்தான் அவளை அதிகம் கொதிக்க வைத்தது.

பண்டிகை ஈரம் காய்வதற்குள் லாரி திரும்பி வந்தது. பாங்காக்கில் காய்களைப் பிளந்து பார்த்திருக்கிறார்கள். பாதிக்குமேல் சுளை வெளுத்து, பச்சைப் பலாவைப்போல் விறைத்துக் கிடந்ததாம். இனி அந்தப் பறவை ஒட்டிய காய் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தாலும் வேண்டாம் என்று வியாபாரி சொல்லியனுப்பிவிட்டான். மரத்தில் அப்போது மஞ்சள் கயிற்றுக் காய்கள் நன்றாக முற்றிக்கொண்டிருந்தன. எல்லார் தோட்டத்திலும், அவள் தோட்டத்திலும். வாங்க ஆள் இல்லை.

விச்சியனும் தோங்தியும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். தரையில் உட்கார்ந்து கும்பிட்டார்கள். வியாபாரிக்கு அவள்மேல் மரியாதை உண்டு, ஒரு வார்த்தை பேசினால் போதும் என்றார் தோங்தி.

"என்னன்னு பேசணும் மாமா? தெரியாம நடந்துபோச்சுன்னா?"

தோங்தி விச்சியனைப் பார்த்தார்.

"கொட்டகைக்கு எல்லாரையும் வரச் சொல்லுங்க. வெட்டினவங்க எல்லாரும் வரணும்."

எல்லாரும் வந்தார்கள். திருப்பி அனுப்பிய காய்கள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. மாலிவன் பெரிய கத்தியை எடுத்து விச்சியன் கையில் கொடுத்தாள்.

"பொள."

முதல் காய் வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. இரண்டு காயோடு போதும் என்று நினைத்து அவன் கத்தியைக் கீழே வைக்கப் போனான். அவள் விடவில்லை. கை ஓய்ந்தபோது கத்தியை அடுத்தவரிடம் கொடுக்கச் சொன்னாள். ஒவ்வொருவராக வெட்டினார்கள். ஒரு பெண் அழுதாள். மாலிவனுக்கு இரக்கம் வரவில்லை. வெயில் சாயும்வரை நின்று, எல்லாவற்றையும் குழியில் தள்ள வைத்தாள்.

"காத்து வரும். எனக்கும்தான் வந்துச்சு. விழுந்தது ஒரு வருஷக் காய். அடுத்த வருஷம் மறுபடி பூக்கும். நீங்க வெட்டின பேர் அப்படி மறுபடி பூக்குமா?" என்றாள்.

பிறகு தான் திரும்பி வருவதற்கான நிபந்தனைகளைச் சொன்னாள். இந்த வருஷம் யாரும் பறவையை ஒட்டக் கூடாது. இனிமேல் வெட்டும் ஆட்களுக்குத் தோட்டக்காரர் கூலி கொடுக்கக் கூடாது, சங்கம்தான் கொடுக்கும். அவரிடம் கூலி வாங்கினால் அவர் காட்டிய காயைத்தான் வெட்டுவார்கள். ஒரே ஒரு பச்சைக் காய் போனாலும் அந்தத் தோட்டம் வெளியே. காற்றில் விழுகிற நஷ்டத்தைச் சங்கமே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைத் தான் முன்பே யோசித்திருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அதை அங்கே சொல்ல மனசு வரவில்லை.

சிலர் எழுந்து போய்விட்டார்கள். விச்சியன் போகவில்லை.

மாலிவன் போனில் சொன்னதை வியாபாரி முழுதாகக்கூடக் கேட்கவில்லை. அந்த வருஷத்துக் காயை நெடுஞ்சாலையோரம் தார்ப்பாய் கட்டி, போகிற வருகிற கார்க்காரர்களுக்கு விற்றார்கள். மாலிவன் ஒவ்வொரு நாளும் வெயிலில் நின்றாள்.

அடுத்த சீசனில், பல தடவை பாங்காக்குக்கு அலைந்த பிறகு, அவன் ஒரே ஒரு சிறிய லாரிக் காய் எடுக்க ஒத்துக்கொண்டான். மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே விலைதான், ஒரு காசுகூட அதிகம் இல்லை. சந்தையில் அவள் கண்ணெதிரே காய்களைப் பிளந்து பிளந்து பார்த்தான். எல்லாம் முற்றிய மஞ்சள் சுளை. கடைசியில் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் இன்னொரு லாரி கொண்டாங்க, பாக்கலாம்," என்றான்.

ஊருக்குத் திரும்பும் வழியில் லாரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விச்சியன், எப்படியோ பேர் மீண்டு வந்துவிடும் போலிருக்கிறதே என்று பேச்சைத் தொடங்கினான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"நாளைக்கு விடியறதுக்குள்ள தோங்தி மாமா தோட்டத்துக்குச் சாக்க எடுத்துட்டு வந்துடு. மேலேருந்து வெட்டிப் போடற காயக் கீழ நின்னு சாக்குல பிடிக்க ஆள் வேணும்," என்றாள்.