துடிக்காத சிவப்பு

அக்காவுக்கு வலிப்பு வந்தது அவள் வேலை பார்க்கும் இடத்தில்தான், கணினித் திரைக்கு முன்னால். அது ஒரு மருந்துக் கிடங்கு. கடைக்காரர்கள் போனில் கேட்கும் மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று திரையில் பார்த்துச் சொல்லி, வண்டியில் ஏற்ற ஏற்பாடு செய்வது அவள் வேலை. ஏதாவது மருந்து தீரப்போகிறதென்றால் திரையில் திறந்திருக்கும் இணையப் பக்கத்தின் உச்சியில் ஒரு சிவப்புப் பட்டை பளிச் பளிச்சென்று துடிக்கும். அந்தத் துடிப்புதான் அவளுக்கு ஆகவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்தைச் செய்து கொடுத்த கம்பெனியைக் கேட்டால், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அதுவரை அக்கா என்ன, கண்ணை மூடிக்கொண்டா வேலை பார்ப்பாள்?

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், அன்றிலிருந்து அவளைத் தனியாகக் குளிக்கக்கூட விடுவதில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு "இருக்கியா?" என்று கேட்பார். "இல்ல, போயிட்டேன்" என்பாள் அவள் உள்ளேயிருந்து. வாய் அப்படிப் பேசினாலும் பயம் அவளுக்கும் இருந்தது. மாதக் கடைசிக்குள் திரும்ப வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

"வீட்லயே உக்காந்துட்டா நான் நோயாளியாவே ஆயிடுவேன்டி" என்று என்னிடம் சொன்னாள்.

நான் புரோகிராமர். கூடவே கொஞ்சம் வாய்க்கொழுப்பும் உண்டு. "இவ்வளவுதானே, ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டா முடிஞ்சுது" என்றேன். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு, அதில் திறக்கும் பக்கத்தை நமக்கு வேண்டியபடி மாற்றிக் காட்டுகிற குட்டிச் சமாசாரம் அது. சிக்கல் என்னவென்றால், அங்கே ஆர்டர் பக்கத்தை ஒரு பிரவுசரிலும் இருப்புப் பக்கத்தை வேறொரு பிரவுசரிலும்தான் திறக்க முடியும். இரண்டிலும் அதே பட்டை, அதே துடிப்பு.

சும்மா இருப்பேனா? எக்ஸ்டென்ஷன் எழுதுவதற்கென்றே ரெடிமேடாகக் கிடைத்த பெரிய அடித்தளம் ஒன்றை இன்டர்நெட்டிலிருந்து இறக்கினேன். அது தன் பங்குக்கு ஆயிரக்கணக்கான ஃபைல்களை இழுத்து வந்து வீடு நிறைய விருந்தாளி மாதிரி உட்கார வைத்தது. மேலே ஒரு பட்டன், நிறம் மாற்ற ஒரு பக்கம், பின்னணியில் ஓட ஒரு புரோகிராம் துண்டு. அந்தப் பின்னணித் துண்டை ஒரு பிரவுசர் ஒரு விதமாக எழுதச் சொன்னது, மற்றது வேறு விதமாக. இரண்டையும் சமாதானப்படுத்த இன்னொரு கருவி, அதை ஓட்ட இன்னொன்று. மாதம் பாதி போய்விட்டது.

ஒரு வழியாகக் கிடங்குக்கு எடுத்துப் போனேன். அங்கே கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பானவரை எல்லோரும் 'பூட்டு' என்றுதான் சொல்வார்கள். லேசில் எதையும் உள்ளே விடமாட்டார்.

"இதுல எது உங்க அக்காவுக்கு?" என்று கேட்டார்.

"எல்லாமேதான்."

"இவ்வளவுமா? நீங்க எழுதினது எதும்மா?"

நான் தேடித் தேடிக் காட்டுவதற்குள் எனக்கே வேர்த்துவிட்டது. "மருந்து போற எடம் இது. என்னால படிச்சுப் பாக்க முடியாததை உள்ள விடமாட்டேன்" என்று என் லேப்டாப்பை மூடிவிட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். அவள் துணி மடித்தபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்குப் பட்டன் எதுக்குடி? அது துடிக்காம நின்னா போதுமே" என்றாள்.

அவள் மேலும் கோபம் வந்தது. ஆனால் சொன்னது சரிதான். உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில் இரண்டே ஃபைல் மிஞ்சியது. ஒன்று, எந்தப் பக்கங்களில் மட்டும் வேலை செய்ய வேண்டும் என்று சொல்வது. இன்னொன்று, அங்கே பட்டையை என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது. வெளியிலிருந்து இறக்க எதுவும் இல்லை, ஓட்ட வேறு கருவியும் இல்லை. அதே ஃபோல்டரை இரண்டு பிரவுசரும் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டன.

"பட்டையே இனிமே தெரியாது, போதுமா?" என்று பெருமையாகச் சொன்னேன்.

அக்கா மடித்த துணியைக் கீழே வைத்தாள். "தெரியாதுன்னா? மருந்து தீரப்போகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பாட்டுக்கு இருக்குன்னு சொல்லிடுவேன், அங்க யாருக்கோ மாத்திரை இல்லாம போயிடும். செவப்பு எனக்கு வேணும்டி. ஆடாம நிக்கணும், அவ்வளவுதான்."

அவளைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்து, அவள் வேலையை மறந்தே போயிருந்தேன். பட்டையை மறைத்த அந்த ஒரு வரியை, துடிப்பை மட்டும் நிறுத்தும்படி மாற்றினேன்.

பூட்டு நின்றபடியே படித்தார். "அவ்வளவுதானா?" என்றார். "அவ்வளவுதான்" என்றேன். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு இரண்டு பிரவுசரிலும் தானே போட்டுப் பார்த்தார். ஒரு பிரவுசர் மட்டும், மூடித் திறந்தால் எக்ஸ்டென்ஷனை மறந்துவிட்டது. நிரந்தரமாக வைக்க அந்தப் பிரவுசரைத் தயாரிப்பவர்களின் ஒப்புதல் வேண்டுமாம். சின்னதாக இருந்ததால் அதுவும் தடங்கலின்றிக் கிடைத்தது.

அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று, மாமாவின் உத்தரவுப்படி நானும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை அசையக் கூடாதாம். கொஞ்ச நேரத்தில் திரை உச்சியில் பட்டை வந்தது. அக்கா மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். பட்டை சிவப்பாக, அசையாமல் அப்படியே இருந்தது. அவள் விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

போன் அடித்தது. "அது தீரப்போகுதுங்க, உங்களுக்கு இப்பவே எடுத்து வைக்கச் சொல்றேன்" என்றாள். அடுத்த போன், அதற்கடுத்த போன். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் சிமிட்டினாலும் எனக்குத் திக்கென்றது.

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "நீ கெளம்பு."

"மாமா சாயங்காலம் வரைக்கும்..."

"அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீ இப்படி என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தா எனக்கு வேலை ஓடல. போடி."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வாசலில் நின்று கையாட்டினேன். அவள் கவனிக்கவே இல்லை. எவரோ ஒரு கடைக்காரர் பழைய ஆர்டரை மாற்றிச் சொல்கிறார் என்று அவரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். படியிறங்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, அத்தனை சந்தோஷம்.