ராஜேந்திரனின் பாட்டு

பௌர்ணமியாக இருந்ததால் மூன்று மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்றார் திருமலை. அதற்கு மேல் கிரிவலப் பாதையில் கூட்டம் சேர்ந்துவிடும், பாடை போக இடமிருக்காது. செத்துப்போன ராஜேந்திரன் அவருடைய தம்பி. ஆட்டோ ஓட்டியவன். பௌர்ணமி என்றால் வீடு தங்கமாட்டான். இன்று அடி அண்ணாமலையில், தன் வாசலில், குளிர்பெட்டிக்குள் கிடந்தான்.

சவுண்டு செட்டுக்காரன் புகழேந்தி வழக்கமான சாவுப் பாட்டைப் போட்டிருந்தான். அழுதுகொண்டிருந்த ராஜேந்திரனின் மனைவி அருணாதேவி எழுந்து போய் ஆட்டோவிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கி வந்தாள்.

"புகழு, இதுல அவரு பாட்டு ஒண்ணு இருக்குது. எடுக்கறதுக்கு முன்ன ஒரு தடவ போட்டுடு."

"எது அண்ணி, அந்த வெள்ளக்காரன் பாட்டா?"

"அதான்."

ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த அமெரிக்கக் கிழவி ஒருத்தி, ஊர் திரும்பும்போது ராஜேந்திரனுக்குக் கொடுத்த சிடியில் இருந்த பாட்டு அது. அந்த நாட்டில் ஒரு காலத்தில் மேடை மேடையாகப் பாடி, ஆடி, சிரிக்க வைத்துக் கூட்டத்தைக் கட்டிப்போட்ட பாடகர் ஒருவரின் பாட்டுகளில் நல்லதாகப் பொறுக்கிச் சேர்த்த சிடி. ராஜேந்திரன் அதைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டான். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் ஏறினால் மொத்தத்தையும் ஓடவிடுவான். ஆனால் அதில் ஒரு பாட்டு மட்டும் அவனுடையது. வண்டியில் அருணாதேவி மட்டும் இருக்கும்போது பட்டனைத் தட்டித் தட்டி அதைப் பிடிப்பான்.

"இன்னா சொல்றான் அதுல?" என்று ஒருமுறை கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? நல்லாருக்குது இல்ல?" என்றான்.

புகழேந்தி பென் டிரைவைச் செருகினான். பாட்டுகளுக்குப் பெயர் இல்லை, எண்கள்தான் வந்தன.

"எத்தினாவது அண்ணி?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தவன் பெட்டிக்குள் இருந்தான்.

"மொதல்லேர்ந்து போடு. வந்தா சொல்றேன்."

முதலில் அந்தப் பாடகர் ஏதோ பேசினார். உடனே ஒலிபெருக்கியில் பெருங்கூட்டம் ஒன்று கொல்லென்று சிரித்தது. விசிலடித்தது. வாசலில் ஒப்பாரி நின்றுபோயிற்று.

"எவன்டா அவன் சாவு ஊட்ல சிரிக்கிறது?" என்று கத்தினார் திருமலை.

"ரிக்கார்டுலண்ணா."

"சம்பந்தி ஊட்டு ஜனமெல்லாம் வந்துகிறாங்க. மானத்த வாங்காத, நிறுத்து."

"மாமா, ஒரே பாட்டு. அதக் கேக்காம அவர அனுப்ப மாட்டேன்" என்றாள் அருணாதேவி. அவரிடம் அவள் குரலை உயர்த்தியது அன்றுதான்.

திருமலையின் மனைவி பாஞ்சாலை குறுக்கே வந்தாள். "போட்டா போடட்டுமே. உயிரோட இருக்க சொல்ல எங்கொழுந்தன் இன்னா கேட்டான்னு நீங்க கண்டீங்களா?"

திருமலை துண்டை உதறிக்கொண்டு பந்தல் பக்கம் போனார்.

ஒரு துள்ளல் பாட்டு வந்தது. மேளக்காரர் ஒருவரின் கால் தானாகத் தாளம் போட்டது. "இது இல்ல" என்றாள். அடுத்தது. இல்லை. பிறகு மெதுவான ஒன்று வந்தது. கையைத் தூக்கினாள். பாதிவரை கேட்டுவிட்டு இறக்கினாள். இன்னொன்றும் மெதுவாகத்தான் இருந்தது.

"இதுவா அண்ணி?"

அவளுக்குப் பயம் வந்தது.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். போட்டுவிட்டு ஓடிவந்தாள். "நடுவுல ஒண்ணு போச்சே, அதத் திருப்பிப் போடு." போட்டான். இதுவாக இருக்கலாம். முன்னே போனதாகவும் இருக்கலாம்.

ஆட்டோவில் அவள் அந்தப் பாடகரைக் கேட்டதே இல்லை. முன்சீட்டில் ராஜேந்திரன் சொல் தெரியாமல் மூக்கால் முனகுவான். இன்ஜின் சத்தத்தைத் தாண்டிப் பின்சீட்டுக்கு வந்தது அந்த முனகல்தான். அதை எடுத்துவிட்டால், மெதுவாக இருந்த பாட்டெல்லாம் யாரோ ஒருவனுடைய பாட்டாக இருந்தன.

"டைம் ஆச்சு, தூக்குங்கப்பா" என்றார் திருமலை.

மேளம் எழுந்தது. அருணாதேவியை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். நின்றாள். வெறுங்காலோடு மலை சுற்ற வந்தவர்கள் ஒதுங்கி, கைகூப்பி வழிவிட்டார்கள். பாடை முனையில் திரும்பியது.

வீட்டுக்கு வந்தபோது வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் அந்த மனிதர் விடாமல் பாடிக்கொண்டிருந்தார்.

"இன்னும் நாலஞ்சு கீது. நல்லாக் கேட்டுப் பாரு அண்ணி" என்றான் புகழேந்தி.

"வேணாம் புகழு. செட்ட அவுத்துடு."